டயாலிசிஸ் செய்துகொள்பவர் ட்ரோன் பறக்கவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 59. சிறுநீரகங்கள் செயலிழந்ததால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த அமைப்பு) இருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கமுள்ள எங்கள் வயல்களை மேலிருந்து பார்ப்பதற்காகச் சிறிய ட்ரோன் வாங்க ஆசைப்படுகிறேன். “இந்த உடம்போடு இதெல்லாம் தேவையா?” என்கிறான் மகன். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தாராளமாக வாங்குங்கள். வரப்பில் நடக்க முடியாதவரும் நாற்காலியில் அமர்ந்தபடியே தம் வயலின் கடைசி மடை வரை பார்த்துவர முடிகிறது என்பதே, உங்கள் ஆசைக்கு நான் முழு மனத்தோடு துணை நிற்கக் காரணம்.

டயாலிசிஸ் செய்துகொண்ட அன்று மட்டும் பறக்கவிட வேண்டாம். இரத்த அழுத்தம் இறங்கிச் சோர்வும் தலைசுற்றலும் வரக்கூடும் என்பதோடு, இரத்தம் உறையாமலிருக்கச் செலுத்தப்படும் ஹெப்பாரினின் விளைவு சில மணி நேரம் நீடிக்கும் என்பதால், சுழலும் இறக்கை பட்டால் மற்றவர்களுக்குச் சிறு கீறலாக முடிவது உங்களுக்கு எளிதில் நிற்காத இரத்தப்போக்காகிவிடலாம். பலர் ட்ரோனைக் கையை நீட்டிப் பிடித்து இறக்குகிறார்கள். நீங்கள் எந்த நாளிலும் அதைச் செய்யாதீர்கள். இறக்கைகளுக்குக் காப்பு வளையம் மாட்டி, தரையில் விரித்த பாயின்மீது இறக்குங்கள். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டால் ஃபிஸ்டுலா உள்ள கையில் பாரம் ஏறாது. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டிய உங்களுக்கு வெயில் ஆகாது என்பதால், காற்றும் அடங்கியிருக்கும் அதிகாலையே உகந்த நேரம்.

ஜிபிஎஸ் வசதியும், புறப்பட்ட இடத்துக்கே தானாகத் திரும்பும் வசதியும் உள்ள ட்ரோனாகப் பாருங்கள். திரும்பும் உயரத்தை வயலோரத் தென்னைகளைத் தாண்டும்படி, 40 மீட்டர் அளவில், புறப்படுமுன்பே குறித்துவிட்டால், கண் இருட்டும் நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு நீங்கள் சாய்ந்து அமரலாம்; ட்ரோன் தானே வந்து இறங்கும்.

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மிகாத நானோ ட்ரோனை இயக்க ரிமோட் பைலட் உரிமம் தேவையில்லை. அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலமாகக் காட்டப்படும் பகுதியில் 400 அடி வரை முன் அனுமதியின்றிப் பறக்கவிடலாம். ஆனால் விமானப்படைத் தளம் உள்ள தஞ்சாவூரில் மொட்டை மாடியிலிருந்து பழகிப் பார்க்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். வயல் இருக்கும் இடத்தையும் அந்த வரைபடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழு ட்ரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் தடை இருப்பதால், வெளிநாட்டு உறவினரிடம் வாங்கிவரச் சொல்லாதீர்கள்.

பறக்கும் ட்ரோன் எப்போதும் கண் பார்வையிலேயே இருக்க வேண்டும். திரையை நீங்கள் பார்க்கையில் வானத்தைப் பார்க்க இன்னொருவர் தேவை. அதற்கு உங்கள் மகனையே அழைத்துச் செல்லுங்கள். அந்தத் திரும்பும் பொத்தான் எதுவென்று முதலில் அவருக்குக் காட்டிவிடுங்கள்.