மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசமா?

கேள்வி: என் கணவர் லாரி டிரைவர். முதுகுத் தட்டு விலகி எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறார். சர்க்கரை நோயும் உண்டு. நான் தையல் தைத்து மாதம் 9,000 ரூபாய் போல் சம்பாதிக்கிறேன். இரண்டு மகளிர் குழுவில் வாரக் கடன். சேர்த்து வாரம் 1,350 கட்டுகிறேன். வங்கியில் நகைக்கடனும் இருக்கிறது. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த (வேத வசன) அட்டையில் எரேமியா 29:11 வந்தது. இந்த வருடம் எல்லாம் மாறும் என்று நம்பினோம், மாறவில்லை. ஜெபக்குழுவுக்கு வந்த ஒரு ஊழியர், மாத்திரை போடுவதே அவிசுவாசம் என்றார். மூன்று வாரமாக இவர் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டையும் நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை உபவாசமும் இருக்கிறார். 5,000 ரூபாய் விதைக் காணிக்கை கொடுத்தால் கட்டுகள் உடையும் என்கிறார்கள். அதற்கு இன்னொரு கடன் வாங்கலாமா? நகையை விற்கலாம் என்றால், "கர்த்தர் மீட்டுத் தருவார்" என்று இவர் மறுக்கிறார். ராத்திரி பன்னிரண்டு வரை தைத்துவிட்டு நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். மனம் ஒட்டவே இல்லை. என் விசுவாசம்தான் குறைவா?
— பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி, உங்கள் விசுவாசத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் மாத்திரை. நாளைக் காலையே கணவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை இரத்தச் சர்க்கரை பார்க்கட்டும். மூன்று வாரம் நிறுத்தியதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பழைய அளவையே தொடர்வதா, மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், வாந்தி, மூச்சு வாங்குதல், பேச்சில் தடுமாற்றம் இதில் எது தெரிந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

"நிறுத்தின பிறகு நல்லாத்தானே இருக்கேன்" என்று அவர் சொல்லக்கூடும். சர்க்கரை ஏறுவது வலிக்காது. அதோடு மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். விட்டதும் வயிறு லேசாகும். அந்தச் சுகத்தைக் குணமானதாக எடுத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்பிலும் சேதம் சத்தமில்லாமல் நடக்கும்.

வேதம் மருந்துக்கு விரோதமா? ஏசாயா 38-ஐ அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் இன்னும் 15 வருஷம் ஆயுசு தருவதாக வாக்குக் கொடுக்கிறார். வாக்குக் கிடைத்த அதே அதிகாரத்தின் 21ஆம் வசனத்தில், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா. தீர்க்கதரிசியே பற்றுப்போடச் சொல்லும்போது, அந்த ஊழியர் எந்த அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாரோ தெரியவில்லை. பவுலோடு பயணம் செய்த லூக்காவும் வைத்தியர்தான்.

உபவாசத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அதைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், படபடக்கும், பேச்சு குழறும். இதைப் பார்த்து "ஆவியானவர் அசைவாடுகிறார்" என்று சுற்றி நின்று ஜெபிப்பதைப்போல ஆபத்து வேறில்லை. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள், தெளிந்ததும் சாப்பாடு கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-தான். டாக்டர் சம்மதிக்கும்வரை அவர் முழு உபவாசம் இருக்க வேண்டாம். தானியேல் மூன்று வாரம் ருசியான ஆகாரத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் மட்டுமே விட்டிருந்தார் (தானியேல் 10:3). உங்கள் கணவர் வெள்ளிக்கிழமை மீனையும் கறியையும் விடட்டும். இட்லியை விட வேண்டாம்.

மாத்திரைச் செலவுதான் உள்ளுக்குள் இருக்கும் காரணமென்றால், சர்க்கரை மாத்திரை அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைப் பதிந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.

அடுத்தது கடன். வாரம் 1,350 என்றால் மாதக் கணக்கில் 5,850 ரூபாய். 9,000-த்தில் அது போனால் மீதி 3,150. இந்த நிலையில் காணிக்கைக்காக மூன்றாவது கடன் கண்டிப்பாக வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, குழுக்கடன் தரும் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனம் கடன் கொடுக்கும்போது குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். இனி உங்களுக்குக் கொடுக்க முன்வருகிறவர் பெரும்பாலும் கந்துவட்டிக்காரராகத்தான் இருப்பார்.

காணிக்கையைப் பற்றிப் பவுல் 2 கொரிந்தியர் 8:12-இல் சொல்வது, மனவிருப்பம் இருந்தால் ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்பது. 9:7-இல், விசனமாயும் கட்டாயமாயும் வேண்டாம் என்கிறார். பயந்து கொடுப்பது கட்டாயத்தில் சேரும். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் பத்து ரூபாய் போடுங்கள், அது போதும்.

நகை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் வேதம் நிற்கிறது. 2 இராஜாக்கள் 4-இல் கடன்கொடுத்தவன் வந்து ஒரு விதவையின் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கப் பார்க்கிறான். எலிசா தீர்க்கதரிசி அந்த விதவையிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கிறார். ஒரு குடம் எண்ணெய். அற்புதம் நடந்து பாத்திரமெல்லாம் நிரம்பின பிறகும், அதை விற்றுக் கடனைத் தீர் என்றுதான் சொல்கிறார். அற்புதமாகப் பெருகின எண்ணெயையே விற்கத்தான் வேண்டியிருந்தது. உங்கள் நகையும் வீட்டில் இருந்த எண்ணெய்தான்.

நகைகள் தனித்தனி ரசீதில் இருந்தால் சிறிய கடனை முதலில் முடித்து, அந்த உருப்படியை மட்டும் விற்றுப் பாருங்கள். இரண்டு கடையில் எடை போடுங்கள், கல் எடைக்கும் சேதாரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேளுங்கள். "அடகு நகையை நாங்களே மீட்டு வாங்கிக்கொள்கிறோம்" என்று வருகிறவர்களிடம் போனால், வங்கிக்கு நீங்களும் கூடவே போக வேண்டும். எழுதாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. வந்த பணத்தில் பாக்கி குறைவாக உள்ள குழுக்கடனை அடையுங்கள். குழுக்கடன் வட்டி நகைக்கடன் வட்டியைவிடப் பெரும்பாலும் அதிகம். முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. மிச்ச நகைக்குக் கெடு தேதியை ரசீதில் பாருங்கள். அதற்குள் வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்காவிட்டால் ஏல நோட்டீஸ் வரும்.

ஒரு வாரம் கட்ட முடியாது என்று தெரிந்தால் செல்போனை அணைத்துவிட்டு ஒளியாதீர்கள். உங்கள் தவணை மற்றப் பெண்கள் தலையில் விழும். கடனைவிட அந்தப் பகைதான் ஊரில் நாள்படும். கூட்டத்துக்கு முந்தின நாளே குழுத் தலைவியிடம் சொல்லுங்கள். தவணையைக் குறைத்து நாளைக் கூட்டித் தரும்படி கிளை மேலாளருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. மீறினால் நிறுவனத்தின் புகார் எண்ணில் சொல்லுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் வழி கேட்கலாம்.

இனி வாக்குத்தத்த அட்டை. அட்டையில் ஒரு வசனத்துக்கு மேல் இடமில்லாததால் வரும் சங்கடம் இது. எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று அனனியா போன்ற பொய்த் தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டிருந்த காலம். எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், 70 வருஷம் ஆகும் என்று எழுதுகிறார். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. உங்கள் அட்டை பொய்யாகவில்லை. டிசம்பர் 31-க்குள் என்று அதில் எழுதியிருக்கவும் இல்லை. முதுகுத் தட்டு விலகினவருக்கு லாரி ஸ்டீயரிங் மறுபடி ஒத்துவருமா என்று எலும்பு மருத்துவரிடம் கேட்டு, ஒத்துவராதென்றால் உட்கார்ந்தும் எழுந்தும் செய்யும் வேறு வேலையை இப்போதே தேடத் தொடங்குவதும் பாபிலோனில் தோட்டம் நாட்டுகிற காரியம்தான்.

விசுவாசம் குறைவா என்று கேட்டீர்கள். நாலு மணி நேரத் தூக்கத்தில் யாருக்கும் மனம் ஒட்டாது. சூரைச்செடியின்கீழ்ச் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தூதன் கண்டிக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், எலியா மறுபடி படுத்துத் தூங்கினார். நீங்களும் ஐந்தரைக்கு எழுந்தால் போதும். பதினைந்து நிமிடம், 13ஆம் சங்கீதம். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேட்கிறார் தாவீது. அங்கே உங்கள் முறைப்பாட்டை நாசூக்குப் பார்க்காமல் சொல்லுங்கள். அடுத்த இரண்டில் கேட்பது. இன்றைக்குத் தேவையான ஒன்றை மட்டும் கேளுங்கள், ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். எல்லாக் கவலையையும் வரிசையாகச் சொல்லப் போனால், ஜெபம் என்ற பெயரில் கவலையைத்தான் மனப்பாடம் செய்வோம். கடைசி இரண்டை அப்படியே வாசியுங்கள். அந்த நம்பிக்கை இன்று உங்களுக்குள் இல்லாவிட்டாலும் வாசியுங்கள். அதுவும் வராத நாளில் 88ஆம் சங்கீதம் இருக்கிறது. அது இருட்டிலேயே முடிகிறது, ஆனாலும் வேதத்தில் இருக்கிறது.

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பது பாதி வீடுகளில் காலண்டராகத் தொங்குகிறது. அடுத்த வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை: தன் உபத்திரவத்தில் பங்கெடுத்தது நல்லது என்று பிலிப்பியருக்கு நன்றி சொல்கிறார் பவுல். அவர்கள் எப்பாப்பிரோதீத்து மூலம் உதவி அனுப்பியிருந்தார்கள். ஆகவே நீங்களும் உங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) போங்கள், முடிந்தால் கணவரோடு. மாத்திரை விஷயத்தை அவர் வாயால் சொன்னால் உங்கள் கணவர் கேட்க வாய்ப்பு அதிகம். "கஷ்டமாயிருக்கு, ஜெபம் பண்ணுங்க ஐயா" என்று மட்டும் சொன்னால் ஜெபம் கிடைக்கும். இரண்டு கடன் அட்டை, நகை ரசீது, மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் மேசைமேல் வைத்து, மாதம் எவ்வளவு துண்டு விழுகிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். சபைக் கமிட்டியில் பேச அவருக்கு அந்தத் தாள்தான் தேவைப்படும்.