சிறு குழந்தைகளின் மரணம்: எப்போது, ஏன், எப்படித் தடுப்பது? (கேள்வி பதில்)

கேள்வி: டாக்டர், எந்த வயதில்தான் குழந்தைகள் அதிகம் இறக்கிறார்கள்?

பதில்: பிறந்து 28 நாட்களுக்குள். 2022இல் உலகம் முழுக்க ஐந்து வயது நிறையாமல் இறந்தவர்கள் ஏறத்தாழ 49 லட்சம் பேர். அதில் 23 லட்சம் பேர் முதல் மாதத்தைத் தாண்டவில்லை. அவர்களிலும் முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்திலேயே போய்விட்டார்கள். குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத்திணறல், கிருமித்தொற்று, பிறவிக் குறைபாடு ஆகியவை முக்கியக் காரணங்கள். அதன் பிறகு நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் மலேரியாவும் முன்னுக்கு வருகின்றன.

கேள்வி: குறைமாதக் குழந்தை. வீட்டுக்கு வந்த பிறகு எதில் கவனம் வேண்டும்?

பதில்: சூட்டில். தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவாக இருப்பதால் உடல் சட்டென்று குளிர்ந்துவிடும். ரத்தச் சர்க்கரை இறங்கும், மூச்சும் தடுமாறும். தொப்பி, காலுறை, டயாப்பர் மட்டும் போட்டு, தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி அணைத்துத் துணியால் கட்டுங்கள். ஒரு நாளில் குறைந்தது 8 மணி நேரம். கூடுதலாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அப்பாவும் செய்யலாம். பலரும் தவறுவது கழுத்தில்தான்: தாடை நெஞ்சில் புதைந்தால் மூச்சுக்குழாய் மடங்கிவிடும். தலை ஒரு பக்கம் திரும்பி, லேசாக அண்ணாந்திருக்க வேண்டும்.

கேள்வி: சாதாரணச் சளியா, நிமோனியாவா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மூச்சை எண்ணுங்கள். சட்டையை விலக்கி, அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது முழுசாக ஒரு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலே அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

கேள்வி: வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். (உப்பு சர்க்கரைக் கரைசல்) கொடுத்தால் வாந்தி எடுக்கிறான். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. பத்து நிமிடம் பொறுத்து, ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று மெதுவாகக் கொடுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. பொட்டலத்தில் எவ்வளவு நீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவிலும் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். நீர் குறைந்தால் உப்பு ஏறி வலிப்பே வரலாம். 24 மணி நேரமானதும் மீதியைக் கொட்டிவிடுங்கள். கூடவே ஜிங்க் (துத்தநாகச் சத்து மருந்து): ஆறு மாதத்துக்குள் 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி., நாளுக்கு ஒருமுறை, 10 முதல் 14 நாள். போக்கு நின்றுவிட்டது என்று இதைப் பாதியில் விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. தாய்ப்பால் தொடரட்டும். கண் குழிந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குடிக்கவே முடியாவிட்டாலோ மருத்துவமனைதான்.

கேள்வி: மூன்று மாதக் குழந்தை. குப்புறப் போட்டால்தான் நன்றாகத் தூங்குகிறாள்.

பதில்: அந்த ஆழ்ந்த தூக்கம்தான் ஆபத்து, மூச்சு தடைபட்டால் விழிக்க மாட்டாள். தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் 2 முதல் 4 மாதத்தில்தான் உச்சம். மல்லாக்கப் படுக்க வையுங்கள், கெட்டியான சமமான படுக்கையில், தலையணை இல்லாமல்.

கேள்வி: வாளித் தண்ணீரில்கூடக் குழந்தை மூழ்குமா?

பதில்: மூழ்கும். தவழும் குழந்தைக்குத் தலைதான் பாரம். கவிழ்ந்தால் எழ முடியாது, சத்தமும் வராது. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தூக்கி எடுத்ததும் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகச் சுழற்றாதீர்கள். மூச்சு இல்லையென்றால் முதலில் வாய்வழி ஊதுங்கள், பிறகு நெஞ்சை அழுத்துங்கள்.

கேள்வி: பச்சிளம் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் பால் குடிக்க மாட்டேன் என்கிறது. காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த வயதில் தொற்று வந்தால் உடல் சுடாமல் சில்லிட்டும் போகலாம்; 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் எவ்வளவு ஆபத்தோ, 35.5க்குக் கீழும் அவ்வளவு ஆபத்து. பால் மறுப்பது, வலிப்பு, துவண்டு கிடப்பது, முதல் நாளிலேயே தோல் மஞ்சளாவது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள்: இதில் ஒன்று இருந்தாலும் உடனே புறப்படுங்கள். போகும் வழியெல்லாம் மார்போடு அணைத்து, தலையை மூடியே வைத்திருங்கள்.