விலங்குக் காப்பக மருத்துவம் படிக்க விரும்பும் மகளுக்கு உதவித்தொகை எங்கே கிடைக்கும்?

அம்மா, இந்தப் படிப்பின் செலவுக்கும் பிறகு வரும் சம்பளத்துக்கும் கட்டுப்படியாகுமா என்ற உங்கள் கவலை நியாயமானது. கால்நடை மருத்துவப் படிப்புக்கு ஆகும் செலவு பெரியது. தனியார் கிளினிக்கில் கிடைக்கும் சம்பளம் எல்லா விலங்குக் காப்பகத்திலும் கிடைத்துவிடாது. ஆனால் "இதெல்லாம் ஒரு துறையா?" என்று மட்டும் மகளிடம் கேட்டுவிடாதீர்கள். காப்பகக் கால்நடை மருத்துவர்களுக்கென்று அமெரிக்காவில் 2001-லேயே சங்கம் தொடங்கியாயிற்று. 2014-ல் அங்கே இது தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரமும் பெற்றது. கார்னெல், ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் இயங்குகின்றன.

உதவித்தொகை தேடும்போது பலரும் "காப்பக மருத்துவம்" என்ற பெயரில் மட்டும் தேடி, நாலைந்தைப் பார்த்துவிட்டுச் சோர்ந்துபோகிறார்கள். பொது சுகாதாரம், தொற்றுநோய்த் தடுப்பு, விலங்கு நலம், சமூக சேவை என்ற தலைப்புகளிலும் தேடச் சொல்லுங்கள். இவள் செய்யப்போகும் வேலை இந்த நான்கிலும் அடங்கும். முதலில் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் விசாரிக்கட்டும். முன்னாள் மாணவர்களும் நன்கொடையாளர்களும் கல்லூரிக்குள்ளேயே நிறுவிய பரிசுகளுக்கு வெளியாட்கள் போட்டியிட முடியாது. விடுமுறைக் காலப் பயிற்சிக்கு உதவித்தொகை தரும் காப்பகங்களும் உண்டு. தொகை சிறிதாக இருந்தாலும் அந்த அனுபவம் அடுத்த விண்ணப்பத்துக்குக் கைகொடுக்கும்.

அமெரிக்காவில் படிப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2007-ல் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தில், அரசு அமைப்பிலோ தகுதியுள்ள லாப நோக்கற்ற நிறுவனத்திலோ முழுநேரம் வேலை பார்த்தபடி 120 மாதத் தவணைகளை விதிப்படி கட்டினால், மீதிக் கடனைத் தள்ளுபடி செய்கிறார்கள். பல காப்பகங்கள் இந்த வரையறைக்குள் வரும். அமெரிக்க மத்திய அரசு நேரடியாகத் தரும் கல்விக் கடனுக்கு மட்டுமே இது பொருந்தும். தனியார் வங்கிக் கடனுக்குக் கிடையாது. ஒரு பெரிய ஸ்காலர்ஷிப்பைவிட இதில் மிச்சமாகும் தொகை அதிகமாக இருக்கலாம்.

இனி விண்ணப்பக் கட்டுரை. நான் பார்க்கும் வரைவுகளில் பெரும்பாலானவை "சின்ன வயதிலிருந்தே எனக்கு நாய் பூனை என்றால் உயிர்" என்றுதான் தொடங்குகின்றன. தேர்வுக் குழுவுக்கு அது அலுத்துப்போன வரி. காப்பக மருத்துவர் ஒரு நாயைக் குணப்படுத்துவதோடு நிற்பவர் அல்ல. அடைத்து வைத்த எல்லா விலங்குகளின் நலனையும் ஒன்றாகப் பார்ப்பவர். நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அசையாது. நோயுற்ற நாய் இருந்த அறையைத் துடைத்த அதே துடைப்பான் அடுத்துக் குட்டிகள் இருக்கும் அறைக்குப் போனால் என்ன ஆகும்? பூனைகளுக்கு மன அழுத்தம் கூடினால் உடம்பில் பதுங்கியிருக்கும் ஹெர்பிஸ் வைரஸ் தலைதூக்கித் தும்மல் தொடங்கும். கூண்டைப் பெரிதாக்குவதும் அங்கே மருத்துவம்தான். உள்ளே வரும் விலங்குக்கு வாசலிலேயே தடுப்பூசி போடுவது ஏன் என்று உங்கள் மகள் தான் கண்ணால் பார்த்ததை வைத்து ஒரு பத்தி எழுதட்டும். அந்த ஒரு பத்தி போதும், மற்ற விண்ணப்பங்களிலிருந்து அவளுடையது தனியாகத் தெரியும்.

பரிந்துரைக் கடிதத்தைப் பேராசிரியரிடம் மட்டும் வாங்க வேண்டாம். அவள் வேலை செய்வதை நேரில் பார்த்த காப்பக மருத்துவரிடமும் வாங்கட்டும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே, தான் அங்கே செய்த வேலைகளைச் சிறு குறிப்பாக எழுதிக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். காப்பக மருத்துவர்களுக்கு நாள் முழுக்க அறுவை சிகிச்சை இருக்கும். குறிப்பு கையில் இருந்தால்தான் கடிதம் விவரமாக வரும்.