வெல்டனில் சுற்றிலும் மீன் ஏறுகிறது, எனக்கு மட்டும் ஏன் இல்லை?

கேள்வி: வட கரோலினாவில் கேரி நகரில் இருக்கிறேன். சின்ன வயதில் தாமிரபரணியில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்ட பழக்கம் உண்டு. போன ஆண்டு ஃபிளை ஃபிஷிங் (இறகும் மயிரும் கட்டிய ஃபிளை என்னும் செயற்கை இரையை வீசிப் பிடிப்பது) ஆசை வந்து, 9 அடி நீளத்தில் 8 வெயிட் (லைனின் எடையைக் குறிக்கும் எண்) ராடும் மிதக்கும் லைனும் வாங்கினேன். ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிக்க ஏப்ரல் கடைசியில் ஒரு முறை, மே நடுவில் ஒரு முறை ரோனோக் ஆற்றுக்கு, வெல்டன் ஊருக்குப் போனேன். நண்பரின் படகில் நங்கூரம் போட்டு நாள் முழுக்க வீசினேன். பக்கத்துப் படகுகளில் எல்லாம் மீன் ஏறுகிறது, எனக்கு ஒன்றுகூட இல்லை. ஃபிளையை மாற்றி மாற்றிப் போட்டும் பயனில்லை. இரண்டாம் முறை ஆறு கலங்கி, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் எந்த ஃபிளை வாங்க வேண்டும்? ஆற்றில் இறங்கி நின்று பிடிக்கலாமா? பிடித்ததை வீட்டுக்கு எடுத்து வரலாமா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சரியான ஆற்றுக்கு, சரியான மாதத்தில்தான் போயிருக்கிறீர்கள். ராடும் சரி. ஃபிளையிலும் பெரிய தவறு இருந்திருக்காது. உங்கள் ஃபிளை மீன் இருக்கும் ஆழத்துக்குப் போகவே இல்லை. எனக்கும் அந்த ஆற்றில் முதல் இரண்டு ஆண்டுகள் இதேதான் நடந்தது. அதனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே படகில் நீங்கள் எப்படி நின்றிருப்பீர்கள் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

மீனிலிருந்து தொடங்கலாம். நம் ஊர்க் கொடுவா நன்னீரில் வளர்ந்து, முட்டையிட முகத்துவாரத்துக்கு இறங்கும். ஸ்ட்ரைப்டு பாஸ் அதற்கு நேர் எதிர். அது கடலிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். ரோனோக் ஆற்று மீன்கள் அல்பமார்ல் கழிமுகத்திலிருந்து ஏறத்தாழ 210 கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட்டு வெல்டனுக்கு வருகின்றன. அங்கே ஆறு பாறைகளின் மேல் இறங்கி ஓடுகிறது. அதற்குச் சற்று மேலே, 1955-ல் கட்டி முடித்த ரோனோக் ராப்பிட்ஸ் அணை குறுக்கே நிற்கிறது. அதற்கு மேல் போக வழியில்லை. அதனால்தான் வசந்த காலத்தில் ஒரு சின்ன ஊரின் படகுத்துறைக்கு முன்னால் இவ்வளவு மீன் கூடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் இதை ராக்ஃபிஷ் என்பார்கள். தங்கள் ஊரை உலகின் ராக்ஃபிஷ் தலைநகரம் என்றே அழைத்துக்கொள்கிறார்கள்.

இந்த மீனின் முட்டை அடியில் ஒட்டிக்கொள்ளாது, மேலே மிதக்கவும் மிதக்காது. நீரோட்டத்தில் உருண்டுகொண்டே போய் ஏறத்தாழ இரண்டு நாளில் பொரிக்கும். ஓட்டம் நின்றுபோனால் முட்டை அடியில் படிந்து செத்துவிடும். ஆகவே தாய்மீன் ஓடும் நீரைத் தேடித்தான் வருகிறது. ஆனால் ஓட்டத்தின் நடுவில், மேல்மட்டத்தில் நாள் முழுக்க நின்றால் அதன் உடம்பு தாங்காது. பகலில் பாறைக்குப் பின்னால், பள்ளத்தில், வேக நீரும் மெது நீரும் உரசிக்கொள்ளும் கோட்டுக்கு அடியில், தரையோடு தரையாகக் கிடக்கும். இரை கண்ணெதிரே வந்தால் வாயைத் திறக்கும். மூன்று மீட்டர் மேலே போகிற ஒன்றுக்காக எழும்பி வராது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஃபிளை ஃபிஷிங்கில் எறிவதற்கான எடை லைனில்தான் இருக்கிறது. அந்த லைன் மிதக்கிற லைன் என்றால், ஃபிளையில் எவ்வளவு கனமான கண் வைத்துக் கட்டியிருந்தாலும், ஓட்டம் லைனைப் பிடித்து இழுக்க இழுக்க ஃபிளை மேலே வந்துவிடும். மூழ்கும் லைன் போட்டாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நல்ல கனமான லைன் விநாடிக்கு 15 சென்டிமீட்டர் அளவில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் இறங்க 20 விநாடி வேண்டும். ஓட்டம் விநாடிக்கு ஒரு மீட்டர் என்றால், அந்த 20 விநாடியில் ஃபிளை 20 மீட்டர் கீழே போயிருக்கும். நங்கூரம் போட்ட படகிலிருந்து நேர் குறுக்கே வீசினால், ஃபிளை இறங்குவதற்குள் லைன் விறைத்துக்கொள்ளும். அப்புறம் அது இறங்காது, வளைந்து மேலேதான் வரும். நாள் முழுக்க நீங்கள் செய்தது இதுதான்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. நங்கூரத்தை எடுத்துவிட்டுப் படகை ஆற்றோடு மிதக்க விடுங்கள். படகும் லைனும் ஒரே வேகத்தில் போகும்போது, லைனுக்கு அது குளத்து நீர் மாதிரி. நேராக இறங்கும். 300 அல்லது 350 கிரெய்ன் (லைனின் எடையைச் சொல்லும் அளவு) எடையுள்ள மூழ்கும் லைன் வாங்குங்கள். உங்கள் 8 வெயிட் ராட் அதைத் தாங்கும். ரீலுக்கு ஓர் உபரி ஸ்பூல் வாங்கி அதில் சுற்றிக்கொண்டால் போதும், புது ரீல் தேவையில்லை. லீடரை, அதாவது லைனுக்கும் ஃபிளைக்கும் நடுவே கட்டும் நரம்பை, நீளமாக வைக்காதீர்கள். மிதக்கும் லைனுக்கு 9 அடி என்று படித்திருப்பீர்கள். இங்கே 4 அல்லது 5 அடி, 20 பவுண்டு நரம்பு, அவ்வளவுதான். லீடர் நீண்டால் லைன் கீழே போனாலும் ஃபிளை மேலேயே தங்கிவிடும். வீசியதும் இருபது வரை எண்ணுங்கள். அடுத்த வீச்சில் இருபத்தைந்து. ஃபிளை தரையைத் தட்டிய எண் எதுவோ, அதிலிருந்து இரண்டு மூன்று குறைத்துக்கொண்டு இழுக்கத் தொடங்குங்கள். நான் இன்றும் ஒவ்வொரு இடத்திலும் முதல் நான்கைந்து வீச்சை இதற்காகவே ஒதுக்குகிறேன்.

நங்கூரம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மேல்நோக்கிச் சரிவாக வீசி, லைனைத் தளர்த்திக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஃபிளை உங்களைத் தாண்டிப் போன பிறகுதான் இழுக்க வேண்டும். நங்கூரக் கயிறு எப்போதும் படகின் முன்முனையில் இருக்கட்டும். பின்பக்கத்தில் கட்டினால், அணை நீர் ஏறும்போது என்ஜின் இருக்கும் கனமான பக்கம் அழுந்தித் தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஒரு முறை எங்கள் படகில் முழங்கால் வரை தண்ணீர் ஏறியது. கையெட்டும் இடத்தில் கத்தி இருந்ததால் கயிற்றை அறுத்துத் தப்பினோம்.

ஃபிளையைப் பற்றிக் கேட்டீர்கள். கிளவுசர் மின்னோ ஒன்றே போதும். பென்சில்வேனியாவின் பாப் கிளவுசர் சஸ்குவஹானா ஆற்றில் வேறொரு பாஸ் மீனுக்காக உருவாக்கிய வடிவம் அது. டம்பெல் போன்ற உலோகக் கண் தூண்டில் முள்ளின் மேல் கட்டப்படுவதால், நீரில் முள் தலைகீழாகத் திரும்பிப் பாறையில் மாட்டுவது குறையும். அணைக்குக் கீழே பாறை நிறைந்த ஆற்றுக்கு இது பெரிய உதவி. பச்சை கலந்த மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்த நிறம், விரல் நீளம், 1/0 அல்லது 2/0 முள். நீர் கலங்கியிருந்தால் கறுப்பு. இதற்கு மேல் ஃபிளைக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தை லைனில் போடுங்கள்.

இன்னொரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். புழு போட்டுப் பிடித்த கை, மீன் இழுத்ததும் ராடை மேலே தூக்கும். இங்கே தூக்கினால் ஃபிளை மீனின் வாயிலிருந்து நழுவும். ராடின் முனை நீரைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். இடக்கையால் லைனை நீளமாக ஒரு இழுப்பு இழுங்கள், முள் ஏறியதும் ராடை உயர்த்தலாம். பெரும்பாலும் இரண்டு இழுப்புக்கு நடுவே, நீங்கள் நிறுத்தும் நொடியில்தான் கடிக்கும்.

உங்கள் மிதக்கும் லைன் வீணில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெரிய பெட்டையைச் சுற்றிப் பல சிறிய ஆண்மீன்கள் மேல்மட்டத்தில் அடித்துப் புரளும். நீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். அப்போது நீர்மேல் மிதந்து சத்தமிடும் பாப்பர் ஃபிளை ஒன்றை மிதக்கும் லைனில் அருகே போட்டால் கண் முன்னாலேயே எடுக்கும். அரை மணி நேரம்தான், ஆனால் அதற்காகவே நான் வேலை நாளில்கூட வண்டியை எடுத்திருக்கிறேன்.

சரி, அந்த இரண்டாம் முறை என்ன நடந்தது? ஊரில் மழைக்காலத்தில் காலை செய்தித்தாளைத் திறந்தால், மேட்டூரிலிருந்து விநாடிக்கு இத்தனை கன அடி திறப்பு என்று இருக்கும் அல்லவா? டெல்டாக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் வேலையைத் திட்டமிடுவார்கள். வெல்டனுக்கும் அதே கண்ணோடு போக வேண்டும். மேலே மூன்று அணைகள் வரிசையாக இருக்கின்றன. முதலில் கெர் அணை. ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் இருக்கிறது, வெள்ளத்தைத் தேக்குவது அதுதான். அதற்குக் கீழே கேஸ்டன், கடைசியாக ரோனோக் ராப்பிட்ஸ். இவை இரண்டும் டொமினியன் மின் நிறுவனத்துடையவை. வர்ஜீனியா பக்கம் பெருமழை பெய்து கெர் நிரம்பினால், வெல்டனில் வெயில் அடித்தாலும் ஆறு வாரக்கணக்கில் 20,000 கன அடியில் ஓடும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் ரோனோக் ராப்பிட்ஸில் அளக்கும் நீரோட்டத்தை உடனுக்குடன் இணையத்தில் வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முந்தின இரவும் அன்று காலையும் பாருங்கள். 6,000 முதல் 9,000 கன அடி வரை ஃபிளைக்கு வசதி. 12,000-ஐத் தாண்டினால் ஆழத்தை எட்டுவது கடினம். 15,000-க்கு மேல் நான் சிறிய படகை இறக்குவதில்லை.

நீரின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். 16 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் மீன்கள் சேரத் தொடங்கும். 17 முதல் 20 வரை முட்டையிடும் உச்சம். பெரும்பாலான ஆண்டுகளில் அது மே மாத முதல் பாதியில் விழுகிறது. அதற்கு முன்னால் மார்ச்சிலேயே போனால் ஹிக்கரி ஷாட் என்ற மீன் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் காவிரியில் ஏறிய நம் உள்ளம் (ஹில்சா) மீனுக்குச் சொந்தம். லைன் ஆழம் பார்த்துப் பழக அது நல்ல மீன்.

இறங்கி நின்று பிடிக்கலாமா என்றால், வேண்டாம். வெல்டன் படகில் பிடிக்கும் இடம். பாறைகள் பாசி பிடித்து வழுக்கும், அடுத்த அடியில் பள்ளம் எங்கே இருக்கிறது என்று கலங்கிய நீரில் தெரியாது, அணையிலிருந்து திறப்பு கூடினால் நின்ற இடத்திலிருந்து கரைக்குத் திரும்ப முடியாமல் போகும். நீச்சல் நன்றாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள். தாமிரபரணியில் படித்துறையில் இறங்கிக் குளித்த தைரியம் இங்கே உதவாது. படகில் ஏறியதும் உயிர்காப்புச் சட்டையை மாட்டுங்கள், இறங்கும்போது கழற்றுங்கள். படகுத்துறைக்கு மேலே பாறைகள் அதிகம். வழி தெரிந்தவர் இல்லாமல் அந்தப் பக்கம் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

வீட்டுக்கு எடுத்து வருவது பற்றி. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது நல்லது. பலர் கேட்பதில்லை. ரோனோக்கில் ஸ்ட்ரைப்டு பாஸை எடுத்துச் செல்லும் பருவம் 2024-ல் மூடப்பட்டது. பிடித்து விடுவதற்குத்தான் அனுமதி. ஒவ்வொரு ஆண்டும் மாநில வனவிலங்கு ஆணையத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள், உள்நாட்டு மீன்பிடி உரிமமும் வேண்டும். ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை ஸ்காட்லாந்து நெக் அருகே இருக்கும் 258-ஆம் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு மேலே, ஒற்றை முள் மட்டுமே போடலாம். முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் அந்தக் குட்டி முள்ளும் இருக்கக் கூடாது. வாங்கிய ஃபிளையில் அது இருந்தால் குறடால் நசுக்கிவிடுங்கள்.

இந்தக் கட்டுப்பாடு ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஆற்றின் மீன்கள் 1980-களில் மிகவும் குறைந்துபோயின. பிடிப்பதைக் கட்டுப்படுத்தினார்கள். முட்டையிடும் பருவத்தில் அணையிலிருந்து விடும் நீர் திடீரென்று ஏறி இறங்கக் கூடாது என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நீரோட்டம் விநாடிக்கு 1,500 கன அடிக்கு மேல் மாறக் கூடாது என்பது அதில் ஒன்று. 1997-ல் மீன்வளம் மீண்டுவிட்டது என்று அறிவிக்கும் அளவுக்கு வந்தது. இப்போது மறுபடி சரிவு. சமீப ஆண்டுகளில் பிழைத்து வளரும் குஞ்சுகள் மிகக் குறைவு. மே மாதத்தில் வெள்ளநீர் தொடர்ந்து வரும்போது முட்டைகளும் குஞ்சுகளும் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்வதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்களில் ஒன்று. நீங்கள் பிடிக்கும் பெரிய மீன் அநேகமாக முட்டை நிறைந்த பெட்டை. லட்சக்கணக்கில் முட்டை சுமந்துகொண்டு 210 கிலோமீட்டர் வந்த மீன் அது.

அதனால்தான் 20 பவுண்டு நரம்பு சொன்னேன். மெல்லிய நரம்பில் நீண்ட நேரம் விளையாடிக் களைத்த மீன், விட்ட பிறகு செத்துப்போகலாம். சீக்கிரம் கொண்டுவாருங்கள். கையை நனைத்துக்கொண்டு, மீன் நீரிலேயே இருக்கும்போது முள்ளைக் கழற்றுங்கள். பல் பயமில்லை, கீழ் உதட்டைக் கட்டைவிரலால் பிடிக்கலாம். ஆனால் செவுள் மூடியின் விளிம்பும் முதுகு முள்ளும் கையைக் கிழிக்கும். படம் எடுக்க வேண்டுமானால் வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுங்கள், தாடையில் மட்டும் தொங்கவிடாதீர்கள். விடும்போது தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்துப் பிடித்திருங்கள், அதுவாக உதறிக்கொண்டு போகும். நீர் 21 டிகிரியைத் தாண்டிவிட்டால் நான் அந்த ஆண்டுக்கு ராடைக் கட்டிவிடுவேன். வெதுவெதுப்பான நீரில் விட்ட மீன்கள் பிழைப்பது குறைகிறது. நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வசந்தத்தில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து அளவுகளைப் பாருங்கள். 9,000-க்குள் நீர், 17 டிகிரி, மேகமூட்டம், இவை மூன்றும் சேரும் ஒரு வேலை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு பிற்பகலில் கிளம்புங்கள். சனிக்கிழமை வேண்டாம், படகு இறக்கவே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். படகுத்துறையிலிருந்து கீழ்நோக்கி மிதந்து, கிராஃப் போட்ட மாதிரி ஆழத்தை எண்ணி எண்ணிக் குறித்துக்கொண்டே போங்கள். இருட்டுவதற்கு முன் அந்த இடங்களுக்கே திரும்பி வாருங்கள்.