வாசகர் கேள்வி: காம்ரேட்ஸ் ஓட்டம்

ராஜபாளையம் வாசகர்: மாரத்தானைவிடப் பெரிய ஓட்டங்களில் எது பழமையானது?

பதில்: இன்றும் நடப்பவற்றில் மூத்தது என்று பெயர் பெற்றது தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கி.மீ. (காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்.) தொடங்கியவரும் ரயில்காரர்தான்: விக் கிளாப்பம், என்ஜின் டிரைவர். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் 2,700 கி.மீ. நடந்தவர். மாண்ட தோழர்களுக்கு நினைவாக ஓர் ஓட்டம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முன்னாள் வீரர்கள் சங்கம் மறுத்துக்கொண்டே இருந்தது. 1921 மே 24 அன்று ஒருவழியாக 34 பேர் புறப்பட்டு 16 பேர் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் வந்த பில் ரோவனுக்கு 8 மணி 59 நிமிடம் பிடித்தது. 9 மணி நேரத்துக்குள் முடிப்போர் பெறும் பதக்கத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

மதுரை வாசகி: ஒரு வருடம் மேலே, ஒரு வருடம் கீழே என்கிறார்கள். இறக்கம்தானே சுலபம்?

பதில்: மூச்சுக்குச் சுலபம், தொடைக்கு இல்லை. டர்பன் கடலோரம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் 600 மீட்டருக்கும் மேலே. ஏறும்போது தொடைத் தசை சுருங்கித் தள்ளுகிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. தசை இழைகள் கிழிவது அப்போதுதான். ஏற்ற ஓட்டத்தில் கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்குள் நிற்கும் பாலி ஷார்ட்ஸ் மேட்டை நடந்தாவது ஏறிவிடலாம். இறக்க ஓட்டத்தில் சுமார் 20 கி.மீ. மிச்சமிருக்கையில் வரும் ஃபீல்ட்ஸ் ஹில் அப்படியல்ல. அங்கே வேகத்தை அடக்காதவர்கள் அடிவாரத்துப் பைன்டவுனில் சமதரையிலும் நொண்டுவார்கள். முன்னதாகவே சரிவுகளில் ஓடிப் பழகுவதே மருந்து: ஒருமுறை வலி கண்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் இதைச் செய்யக் கூடாது.

திருச்சி வாசகர்: நாள் முழுக்க ஓடுகிறவர் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

பதில்: தாகம் எடுத்தால் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். காம்ரேட்ஸில் பாக்கெட் தண்ணீர். பல்லால் கடித்து உறிஞ்சுவார்கள். ஒவ்வொரு மேசையிலும் கடமைக்குக் குடித்தால்தான் ஆபத்து. மெதுவாக ஓடுகிறவருக்கு வியர்வை குறைவு, குடிக்க நேரம் அதிகம். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். நீர் உள்ளே புகுந்து மூளை வீங்கும். இந்த ஓட்டத்தில் 1981இல் ஒரு பெண்ணுக்கு அப்படி ஆனது. அவரையும் சேர்த்து நான்கு பேரைப் பற்றி தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸின் குழு 1985இல் எழுதிய பிறகே மருத்துவ உலகம் விழித்தது. தலைவலி, குமட்டல், மோதிரம் இறுகுவது, பேச்சுக் குழறல், புறப்பட்டபோது இருந்ததைவிட எடை கூடியிருப்பது: இவை அறிகுறிகள். உப்பு மாத்திரையை நம்பித் தண்ணீரை ஏற்றிக்கொள்வதில் பயனில்லை. மயங்கியவருக்கு நீர் வற்றிவிட்டது என்று எண்ணிச் சாதாரண சலைனை ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். மருத்துவர்கள் 3 சதவீத உப்புக் கரைசலை 100 மில்லி அளவில் கொடுப்பார்கள்.

நாகர்கோவில் வாசகி: பெண்கள் எப்போதிருந்து?

பதில்: அதிகாரபூர்வமாக 1975இலிருந்துதான், கறுப்பினத்தவருக்கும் அதே ஆண்டுதான் கதவு திறந்தது. ஆனால் 1923லேயே ஃபிரான்சஸ் ஹேவர்ட் அனுமதி மறுக்கப்பட்டும் ஓடி 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். கறுப்பினத்தவர் ஒருவர் முதலிடம் பிடிக்க 1989 வரை, சாம் ஷபலாலா வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

சேலம் வாசகர்: ஒரு நொடி தாமதித்தாலும் பதக்கம் இல்லையாமே?

பதில்: ஆமாம், கிடையாது. இப்போதைய கெடு 12 மணி நேரம். ஓடிவருகிறவர்களைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்று ஓர் அதிகாரி துப்பாக்கியைச் சுடுவார். முகம் தெரிந்தால் கை தயங்கும் அல்லவா. முன்பு 11 மணி நேரம்தான். ஐந்து முறை வென்ற வாலி ஹேவர்ட் 1988இல் 79 வயதில் 9 மணி 44 நிமிடத்தில் முடித்தார். அடுத்த ஆண்டும் வந்தார், 80 வயதில். கோட்டைத் தாண்டியபோது 10 மணி 58 நிமிடம் 3 நொடி.