அடைப்புக்குறிக்குள் ஓர் அம்மா

கேள்வி: மரபணுவியல் படிக்கும் என் மகள், மனிதனும் குரங்கும் ஒரே வம்சம் என்கிறாள். பகுத்தறிவுதான் தேவசாயல், அது மனிதனுக்கு மட்டுமே உண்டு என்று குடும்ப ஜெபத்தில் விளக்கினேன். பாதியில் எழுந்து, என் அம்மாவுக்கு ஊட்டிவிடப் போய்விட்டாள். (அம்மாவுக்கு நினைவு தப்பி நான்கு வருடம். உள்ளறையில் இருக்கிறார். என்ன புரியப்போகிறது என்று ஜெபத்துக்கு அழைப்பதில்லை.) மகளின் விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: மகளை விடுங்கள். அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்த அம்மாவைப் பற்றிப் பேசுவோம்.

பகுத்தறிவுதான் தேவசாயல் என்றால், நினைவு தப்பிய அன்றே அவரிடமிருந்து அது போய்விட்டதா? நீங்கள் நடத்திய பாடத்துக்கு வேறென்ன அர்த்தம்? அதுவும் அவர் காதுக்கு எட்டும் தூரத்தில்!

பழைய இறையியல் மேதைகள் அகுஸ்தீனாரும் அக்குவினாவும்கூடச் சாயலை அறிவில்தான் தேடினார்கள், உண்மை. ஆனால் கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்தார் என்று சொல்லும் ஆதியாகமம் 1:26-28ஐ மறுபடி வாசியுங்கள். அறிவு என்ற சொல்லே அங்கே இல்லை. மற்ற உயிர்களை ஆளும் பொறுப்பு இருக்கிறது. கடவுளின் பதிலாளாக நின்று பார்த்துக்கொள்வதே சாயல் என்று இன்றைய வேத அறிஞர் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

மகள் சொன்னதில் பிழையில்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பொது மூதாதை உண்டு. மனித மரபணுத் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் ஜெபிக்கிற கிறிஸ்தவர்தான். உடலின் தோற்றத்தை ஆராயலாம், ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1950லேயே எழுதிவிட்டார்.

இராக்கின் ஷானிதார் குகையில் 1957ல், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன நியாண்டர்தால் என்ற மனித இனத்து ஆண் ஒருவரின் எலும்புகள் கிடைத்தன. வலக்கை சூம்பியிருந்தது. ஒரு கண்ணில் பார்வை அநேகமாக இல்லை. காதும் மந்தம். அப்படியும் நாற்பது வயதை ஒட்டி வாழ்ந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் பார்த்துக்கொள்ளாமல் இது நடந்திருக்காது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. குகையில் வாழ்ந்தவர்கள் ஐயா, அவர்கள்!

பெற்றவளுக்கு ஊட்டுவது மகனின் கடமை. அதைப் பேத்தி தலையில் கட்டிவிட்டு நீங்கள் வேதபாடம் நடத்துகிறீர்கள். தாயைக் கனம்பண்ணு என்ற கட்டளையில், அவளுக்கு நினைவு இருக்கும்வரை என்று எங்கே எழுதியிருக்கிறது? நீங்கள் சொன்ன சாயல் அன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனது. அதன் விசுவாசத்தைக் காப்பாற்ற என்னிடம் வழி கேட்கிறீர்கள்.

இன்றிரவு நீங்கள் ஊட்டுங்கள். வாய் துடைத்துவிட்டு, ஜெபத்தை அந்த அறையிலேயே வையுங்கள். வசனத்தை மகள் வாசிக்கட்டும். விளக்கம் வேண்டாம்.