புது மீன்சட்டி அடியில் கீறுவது ஏன்?

கேள்வி: புது மண்சட்டியைக் கழுவி அன்றைக்கே மீன்குழம்பு வைத்தால் அடியில் கீறல் விழுகிறது. சட்டி மோசமா, வைத்த விதம் தவறா?

பெரும்பாலும் வைத்த விதம்தான். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, கழுவும்போது அதில் தண்ணீர் ஏறிக்கொள்ளும். கேஸ் அடுப்போ அடிவயிற்றை மட்டும் சுடும். நடு விரிகிறது, விளிம்பு விரியவில்லை, இடையில் கீறுகிறது. விறகடுப்பில் தீ சுற்றிலும் ஏறுவதால் இந்தத் தொல்லை குறைவு.

மண்பாண்டத்துக்குப் பேர்போன குமரி மாவட்டச் சுங்கான்கடையிலோ சந்தையிலோ வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாகச் சுட்டது. 'டொப்' என்றால் அடுத்த சட்டியை எடுங்கள். வார்னிஷ் மினுக்கு வேண்டவே வேண்டாம்.

பழக்க 5 நாள் ஆகும். முதல் நாள் முழுக்கத் தண்ணீரில் முக்கி வையுங்கள். குமிழ் விட்டால் பயப்படாதீர்கள், துளையிலுள்ள காற்றுதான். நிழலில் உலர்த்தி, முக்கால் சட்டி கஞ்சித்தண்ணீர் ஊற்றிச் சிறுதீயில் அரை மணி நேரம் காய்ச்சி, இரவு அப்படியே விடுங்கள். 3 நாள், தினமும் புதுக் கஞ்சித்தண்ணீர். அதன் மாவுச்சத்து துளைகளை அடைத்துவிடும். பிறகு தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு பிடி தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்துக் கொட்டிவிடுங்கள்.

வெறும் சட்டியைத் தீயில் வைக்காதீர்கள். முதல் 5 நிமிடம் சிறுதீ. தேங்காய் அரைத்த குழம்பு அடிபிடிக்கும்தான், அதற்காகக் கரண்டியால் சுரண்ட வேண்டாம். துணியால் விளிம்பைப் பிடித்துச் சட்டியையே ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள், சாளை மீனும் உடையாது. அடுப்பை அணைத்த பிறகும் சில நிமிடம் கொதிக்கும் என்பதால் கொஞ்சம் முன்னதாகவே அணையுங்கள். இறக்கி ஈரத் திண்ணையில் வைத்தால் அந்த இடத்திலேயே வெடிக்கும். சட்டிக்கு அடியில் வைக்கும் பிரிமணை இல்லையென்றால் மடித்த சாக்கு போதும்.

சோப்பு கூடாது. துளைக்குள் போனது அடுத்த குழம்பில் வெளியே வரும். தேங்காய் நார், கொஞ்சம் அரிசி மாவு, வெந்நீர் போதும். மீனுக்கு வைத்த சட்டி மீனுக்கு மட்டும்.

மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூத்தால் தூக்கி எறிய வேண்டாம். ஈர விரலால் தேய்த்ததும் கரைந்தால் உப்பு, கழுவினால் போகும். பஞ்சு மாதிரி இருந்து முடை நாற்றம் வந்தால் பூஞ்சை. தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டி, நல்ல வெயிலில் 2 நாள் காயவையுங்கள்.